ஒரு அங்குலத் தாளும் 1:50,000 தாளும்: மட்டக்களப்பு, அம்பாறை எல்லைகளை வாசிக்க எது உதவும்?

துறைநீலாவணை மட்டக்களப்பு மாவட்டம். பக்கத்தில் இருக்கும் பெரியநீலாவணை அம்பாறை மாவட்டம். ஏன் இப்படிப் பிரிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதையை விட்டுவிட்டு எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் இரண்டு வரைபடத் தாள்கள் வேண்டும். ஒன்று பழைய ஒரு அங்குலத் தாள், மற்றது இன்றைய 1:50,000 தாள். இரண்டும் கையில் இருந்தால் கிழக்கின் எல்லை வரலாற்றைப் படிக்க இதைவிட மலிவான வழி கிடையாது. புதியதை மட்டும் வாங்கினால் பாதிக் காசு வீண். வேலிச் சண்டை, காணி வழக்கு என்று தேடுகிறவர்கள் இரண்டையுமே நாட வேண்டாம்.

பழைய தாளில் ஒரு மைல் ஒரு அங்குலமாகச் சுருக்கப்பட்டிருக்கும், அதாவது 1:63,360. அளவை 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. முழு நாட்டுக்கும் 72 தாள்கள். புதிய தொடரில் 92 தாள்கள். ஒவ்வொன்றின் படப்பரப்பும் 80 சென்ரிமீற்றருக்கு 50 சென்ரிமீற்றர். நிலத்தில் அது 40 கிலோமீற்றருக்கு 25 கிலோமீற்றர். வடக்கே வெருகல் ஆற்றிலிருந்து தெற்கே கும்புக்கன் ஓயா வரை கரையோரத்தை மூட ஒன்றிரண்டு தாள் போதாது. ஆகவே மொத்தமாக அள்ளாமல், பார்க்க வேண்டிய எல்லைத்துண்டு எந்தத் தாளில் விழுகிறது என்பதை அட்டவணைப் படத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லை தாளின் ஓரத்தில் போனால் அடுத்த தாளும் வேண்டியிருக்கும். அதை மறந்து ஒரு தாளோடு வீடு திரும்புகிறவர்கள் நிறைய.

பழைய தாள் என்ன காட்டும், என்ன காட்டாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் காலக் கோல்புறூக் சீர்திருத்தத்தோடு 1833இல் நாடு ஐந்து மாகாணமானபோது பிறந்தது கிழக்கு மாகாணம். 1873இல் வடமத்திய மாகாணத்தை உண்டாக்கத் தம்பன்கடவையை (இன்றைய பொலன்னறுவைப் பகுதி) கிழக்கிலிருந்து கழற்றினார்கள். 1886இல் ஊவா மாகாணம் வந்தது. அளவையாளர்கள் சங்கிலியைத் தூக்கியதோ இவையெல்லாம் முடிந்த பிறகு. ஆகவே 1833இன் பெரிய கிழக்கு மாகாணத்தை ஒரு அங்குலத் தாளில் தேடிக் களைக்க வேண்டாம். அது காட்டுவது, வெட்டிக் குறைத்த பிறகு மிஞ்சிய கிழக்கை. அந்தக் கிழக்கில் அம்பாறை மாவட்டம் இல்லை. வெருகல் தொடங்கிக் கும்புக்கன் ஓயா வரை முழுவதும் ஒரே மட்டக்களப்பு மாவட்டம், உள்ளே பற்றுகள் என்ற பழைய நிர்வாகப் பிரிவுகள்.

இந்தப் பற்று எல்லைகள்தான் பழைய தாளின் உண்மையான பெறுமதி. கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனை, எருவில், போரதீவு, கரைவாகு, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பாணமை என்று வரிசையாகப் போகும். ஆறு, வாவி, வெட்டை, குளத்தின் நீர்ப்பரப்பு என்று இயற்கையை ஒட்டியே பெரும்பாலும் கோடு வளைந்து நெளியும். புதிய தாளைப் பக்கத்தில் விரித்து, தெற்கு எருவிலும் கரைவாகும் முட்டிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். 1961இல் மட்டக்களப்பின் தென்பாதியை வெட்டி அம்பாறை மாவட்டம் அமைத்தபோது கரையோரத்தில் புதிதாக ஒரு கோட்டைக் கண்டுபிடிக்கவில்லை. பழைய பற்று எல்லையை ஒட்டியே மாவட்ட எல்லை போகிறது. நீலாவணைக் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

உள்ளே போகப் போகத்தான் சுவை. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அமெரிக்க மொறிசன் நட்சன் கம்பனி அணைக்கட்டு வேலையைச் செய்தது. பழைய தாளில் அந்த இடத்தில் நீரே இல்லை, ஆறும் காடும்தான். புதிய தாளில் நீலம் விரிந்து கிடக்கும். கீழே வாய்க்கால்கள் சீவிப் பிரியும், குடியேற்றக் கொலனிகள் எண்ணோடு வரும். மத்திய முகாம், 7ஆம் கொலனி என்று அம்பாறைப் பக்கம் நாவிதன்வெளியில் சில. 37ஆம் கொலனி போன்றவை மட்டக்களப்புப் பக்கம் போரதீவுப்பற்றில். திட்டம் ஒன்று, எண் வரிசை ஒன்று, ஆனால் 1961இன் கோடு இடையில் விழுந்திருக்கிறது. குடியேற்றம் முந்தியது, மாவட்டம் பிந்தியது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் காட்டாது. அம்பாறையின் வடமேற்கு மூலையில் தெகியத்தகண்டியவையும் பாருங்கள். மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் 'சி' வலயத்து நிலம். கரையோரத்துக் கல்முனையும் அதுவும் ஒரே மாவட்டம். தேர்தல் மாவட்டமாக வரும்போது எல்லாம் சேர்ந்து திகாமடுல்ல. கரையோரத்தைத் தனி மாவட்டமாக்கும் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்று விளங்காதவர்கள் கல்முனைக்கும் தெகியத்தகண்டியவுக்கும் இடையில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தால் போதும்.

இனி, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் வேலை. பலர் பிழை விடுவது இங்கேதான்.

பழைய தாளை 126.7 சதவீதமாகப் பெருப்பித்தால் 1:50,000 தாளின் அளவுக்கு வரும். 63,360ஐ 50,000ஆல் வகுத்த கணக்கு அது. போட்டோக்கொப்பிக் கடையில் இந்த எண்ணை எழுதிக் கொடுங்கள். 'தாளுக்குப் பொருந்தும்படி' என்ற தெரிவை மெஷினில் நிறுத்தச் சொல்லுங்கள். அதை நிறுத்தாவிட்டால் இரண்டு மூன்று சதவீதம் தானாகச் சுருங்கிவிடும். 40 கிலோமீற்றருக்கு 3 சதவீதம் என்றால் 1,200 மீற்றர், ஒரு ஊரே இடம்மாறிப் போகும். ஸ்கேன் பிரதியானால் பழைய தாளிலுள்ள அளவுகோலையும் சேர்த்து அச்சடியுங்கள். பெருப்பித்த பிறகு அதில் ஒரு மைல் 32.2 மில்லிமீற்றர் வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நின்று திரும்ப அடிப்பியுங்கள்.

புதிய தாளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கடதாசி ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். வாவிக்காற்று அடிக்கும் ஊரில் சொல்லவே வேண்டாம். கட்டக்கோடுகள் ஒரு கிலோமீற்றருக்கு 20 மில்லிமீற்றர். பத்துக் கட்டத்தை அளந்தால் 200 மில்லிமீற்றர் வர வேண்டும். கிழக்கு மேற்காக ஒருமுறை, வடக்குத் தெற்காக ஒருமுறை அளவுங்கள், ஏனென்றால் கடதாசி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விரியாது.

பொருத்துவதற்கு நல்ல புள்ளிகள் வேண்டும். குன்றின் உச்சி நல்லது. ஆங்கிலேயர் பேரன்ஸ் கெப் என்று அழைத்த குடும்பிமலை போன்றவை நூறு வருடமாக நகரவில்லை. பழைய குளக்கட்டும் பரவாயில்லை, புனரமைப்பில் உயர்த்தியிருப்பார்களே தவிர இடம் மாற்றுவது அரிது. பழைய தாளில் குறித்திருந்தால் கல்லடிப் பாலமும் உதவும். 1924இன் லேடி மனிங் பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலம் நிற்பதால் இந்த அளவில் இரண்டும் ஒரே இடம்தான். வாவிக்கரை, முகத்துவாரத்து மணல்திட்டு, றோட்டு வளைவு மூன்றையும் தொடவே கூடாது. முகத்துவாரம் வெட்டுவதும் அடைபடுவதும் வருடாந்த வேலை. அதை நம்பித் தாளைத் திருப்பினால் மேற்கே எல்லை எங்கோ போய் நிற்கும். குறைந்தது நான்கு புள்ளிகளை, தாளின் நான்கு மூலைக்கும் அண்மையாக எடுங்கள். எல்லாம் கரையோரத்தில் இருந்தால் உள்பக்கம் ஆடும்.

ஃபோன் ஜீ.பீ.எஸ். பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நமது தாள்கள் பூமியின் வடிவத்தை எவரெஸ்ட் நீள்வட்டமாகக் கொண்டு, கண்டாவளையைத் தொடக்கமாக வைத்த அளவைத் தளத்தில் வரைந்தவை; ஃபோன் காட்டுவது டபிள்யூ.ஜீ.எஸ். 84 என்ற உலகப் பொதுத் தளம். ஒன்றின் அகலாங்கு நெட்டாங்கை மற்றதில் அப்படியே குறித்தால் கிழக்குக் கரையில் ஏறக்குறைய 200 மீற்றர் தள்ளிப்போகும், தாளில் 4 மில்லிமீற்றர். கட்ட எண்களிலும் இரண்டு முறை உண்டு. பழைய முறையில் பிதுறுதலாகலை மலைக்குக் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர் கொடுத்துத் தொடங்குவார்கள், 1999ஆம் ஆண்டின் முறையில் 500,000க்கு 500,000. மட்டக்களப்பு நகரம் முதல் முறையில் சுமார் கிழக்கு 302, வடக்கு 279 கிலோமீற்றர். இரண்டாவதில் 602, 579. உங்கள் கிழக்கு எண் 2, 3இல் தொடங்குகிறதா 5, 6இல் தொடங்குகிறதா என்று பார்த்தாலே எந்த முறை என்பது தெரிந்துவிடும். இந்த எண்களுக்கெல்லாம் அடிப்படையான பழைய முக்கோண அளவைக்காக நிலத்தில் அளந்த இரண்டு அடிக்கோடுகளில் ஒன்று நீர்கொழும்புப் பக்கம், மற்றது நமது மட்டக்களப்பில். இதை நாங்கள் போதிய அளவு பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை.

இப்போது குறைகள். 1:50,000 தாளில் ஒரு மில்லிமீற்றர் நிலத்தில் 50 மீற்றர். அரை மில்லிமீற்றர் தடித்த எல்லைக்கோடே 25 மீற்றர் அகலம், அதற்குள் ஒரு ஒழுங்கையும் இரண்டு வளவும் அடங்கிவிடும். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று வீடு வீட்டோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் இந்தத் தாளால் ஒன்றும் சொல்ல முடியாது. காத்தான்குடியும் அப்படித்தான். அங்கே 1:10,000 தாள்தான் குறைந்தபட்சம். அதன் ஒரு தாள் 8 கிலோமீற்றருக்கு 5 கிலோமீற்றரை மட்டும் மூடும். கிராம சேவகர் பிரிவு எல்லை வேண்டுமானால் 1:50,000 தாளை மறந்துவிட்டுப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பெரிய குறை, தாள் அச்சான நாளோடு உறைந்து நிற்பது. பழைய தாளின் ஒரு கோறளைப்பற்று இன்று வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான், கோறளைப்பற்று மத்தி என்று ஐந்து பிரதேச செயலாளர் பிரிவு. மட்டக்களப்புக்கு 14, அம்பாறைக்கு 20 பிரிவு என்பது இன்றைய கணக்கு. கையிலுள்ள பதிப்பு எந்த ஆண்டு என்று ஓரக்குறிப்பில் பார்க்காமல் பிரிவு எண்ணிக்கை பேசக்கூடாது. வடக்கும் கிழக்கும் 1988இல் இணைந்து, 2006 ஒக்டோபர் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2007 ஜனவரியில் பிரிந்தன; இடைப்பட்ட காலத்தில் அச்சான படங்களில் மாகாணப் பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம், மட்டக்களப்பு மாவட்டத்தின் எல்லை அதனால் அசையவில்லை.

சட்டத்தின் முன்னால் பேசுவது வர்த்தமானி அட்டவணையில் எழுதியிருக்கும் வார்த்தை. வெருகல் ஆறு எல்லை என்றால் ஆற்றின் நடுவா, கரையா என்பதைத் தாள் சொல்லாது, எழுத்துதான் சொல்லும். வெள்ளத்தில் ஆறு புதுவழி பிடித்தால் அந்த வித்தியாசம் வயலாக மாறும். சாய்ந்தமருது நகர சபை 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் வந்தது, அதே மாதத்தில் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. இப்படி வந்து போகும் எல்லையை எந்த அச்சுத்தாளாலும் துரத்திப் பிடிக்க முடியாது. மட்டக்களப்பின் மேற்கு எல்லையோர மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையிலும் தாள் உதவுவது ஓரளவுக்குத்தான். மாவட்டக் கோடு எங்கே போகிறது என்று காட்டும். மகாவலி அதிகார வலயம் எங்கே தொடங்குகிறது, காணி யாருடைய கையில் என்பது வேறு ஆவணம்.

இடப்பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதும் தொல்லை. நம் ஊர்ப் பெயர்களின் ழ, ள, ண எல்லாம் அதில் கரைந்துபோகும். தமிழ் வாசகர் ஊரைத் தேடும்போது குளம், மடு, வெளி, வட்டை என்ற பின்பாதியை வைத்துப் பிடிப்பது சுலபம்.

புதிய தாள் கொழும்பு நாரஹேன்பிட்டி தலைமையகத்தின் விற்பனைப் பிரிவில் கிடைக்கும். மாவட்ட நில அளவை அலுவலகத்தில் எடுப்பதானால் தாளின் எண்ணைச் சொல்லி இருப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள். பழையது கடைச்சாமான் இல்லை; நூலகங்களிலும் ஸ்கேன் பிரதியாகவும்தான். ஸ்கேன் எடுப்பதானால் தெளிவு அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக் கூடாது, குறைந்தால் புள்ளிக்கோடாக வரும் பற்று எல்லை ஒற்றையடிப் பாதையோடு கலந்துவிடும். தாளை மடிக்காதீர்கள், மடிப்பு விழுந்த இடத்தில் எல்லைக்கோடுதான் முதலில் அழியும். லமினேட்டும் வேண்டாம், சூட்டில் தாள் இழுபட்டால் மேலே சொன்ன 200 மில்லிமீற்றர் சோதனை தேறாது. பிளாஸ்ரிக் குழாயில் சுருட்டி வைத்து, குறிப்பெல்லாம் மேலே விரிக்கும் ட்ரேசிங் கடதாசியில் பென்சிலால் எழுதுங்கள்.