கீழடி அருங்காட்சியகம்: பிள்ளையோட சேர்த்து அப்பத்தாவையும் கூட்டிட்டுப் போங்க

போன ஞாயித்துக்கிழமை மதுரை பக்கத்துல, பழங்காலத்து ஊரை மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த கீழடிக்கு போயிட்டு வந்தோம், நான், வீட்டம்மா, பொண்ணு, அப்புறம் எங்கம்மா. எங்கம்மா மொதல்ல பிளான்லயே இல்ல, எழுபத்திரெண்டு வயசு, முழங்கால் வலி வேற, எதுக்கு அலையவிடணும்னு நினைச்சேன், பாப்பாதான் அப்பத்தா வரலைன்னா நானும் வரலைன்னு ஒரே பிடியா நின்னுட்டா. அவ சொன்னது எம்புட்டு சரின்னு அங்க போன பிறகுதான் புரிஞ்சது. உங்க வீட்டுலயும் வரலாறுன்னா சோறு தண்ணி மறந்துபோற பிள்ளை இருந்தா இதை முழுசா படிச்சிட்டு கிளம்புங்க.

பாப்பாவுக்கு பத்து வயசு. ராஜா ராணி கதையில ஆரம்பிச்சது, இப்ப பாண்டியர்ல யாருக்கு அப்புறம் யாருன்னு சுவத்துல சார்ட் ஒட்டி வச்சிருக்கா. இந்த மாதிரி பிள்ளையை வச்சுக்கிட்டு போன வருஷம் ஒரு தப்பு பண்ணோம். ஒரு டிராவல்ஸ்ல வேன் பேக்கேஜ், பேர் வேண்டாம், ஒரே நாள்ல ஏழு இடம். நாயக்கர் மகால்ல இருபது நிமிஷம்தான் குடுத்தாங்க. அங்க 248 தூண் இருக்குன்னு பாப்பா எங்கயோ படிச்சிருக்கா, சரியான்னு எண்ணிப் பார்க்கணும்னு ஒவ்வொரு தூணா தொட்டு எண்ணிட்டு இருந்தா, அறுபத்தி மூணு வரும்போது வேன்காரர் ஹாரன் அடிச்சிட்டார். தெப்பக்குளத்துல வேனை விட்டே இறக்கல, ஜன்னல் வழியா பார்த்துக்கோங்கன்னுட்டாங்க. மகாலுக்கு செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளந்தான் அந்த தெப்பக்குளம்னு மதுரையில சொல்லுவாங்க, அதை அவளுக்கு சொல்லிக் காட்டணும்னு நான் நினைச்சிருந்தேன், நடக்கல. கடைசியில சேலைக்கடையில மட்டும் முக்கால் மணி நேரம் நிறுத்தினாங்க. வீடு வர்ற வரைக்கும் பிள்ளை அழுதுட்டே வந்துச்சு.

அதுல இருந்து ஒரு நாளைக்கு ரெண்டு இடம்தான்னு வீட்டுல முடிவு பண்ணிட்டோம், காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு மலை, அப்புறம் நிழலுக்குள்ள ஒரு இடம். இந்த தடவை எங்க தெருவுல கார் ஓட்டுற தம்பிகிட்ட நாள் வாடகைக்கு பேசிக்கிட்டேன், டீசலோட 2,200 ரூபாய், எங்க நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவார், கிளம்புங்க கிளம்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எனக்கு இந்த பயணத்துல பெரிய நிம்மதி அதுதான்.

காலையில ஆறரைக்கு கீழக்குயில்குடி சமணமலை. அடிவாரத்துல அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம், அம்மாவை அங்க மரத்தடியில உக்கார வச்சிட்டு நாங்க மூணு பேரும் ஏறினோம். மலை மேல பேச்சிப்பள்ளம்ங்கிற இடத்துல பாறையில வரிசையா சமணச் சிற்பங்கள், மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலின்னு, அடியில வட்டெழுத்துன்னு சொல்ற பழைய தமிழ் எழுத்து, ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. பாப்பா ஒவ்வொண்ணா பார்த்து தலைக்கு மேல பாம்பு இருந்தா பார்சுவநாதர், கால்ல கொடி சுத்தியிருந்தா பாகுபலின்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தா. இறங்கி வந்து குளத்துக் கரையில இட்லி சாப்பிட்டோம். ஒண்ணு மட்டும் சொல்றேன், அந்தப் பாறையில பேர் கிறுக்கி வச்சிருக்கிறதைப் பார்க்க வயிறு எரியுது, உங்க பிள்ளைங்ககிட்ட போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

அங்க இருந்து ரிங் ரோடு பிடிச்சு ராமேஸ்வரம் ரோட்டுல சிலைமான் தாண்டி கீழடி. பத்தரைக்கு உள்ள போனவங்க வெளிய வரும்போது மணி ரெண்டு. டிக்கெட் சின்னத் தொகைதான், வீட்டோட போனாலும் கையை கடிக்காது. 2023 மார்ச்ல திறந்தாங்க, செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க, தூணு, முற்றம், ஓட்டுக்கூரை எல்லாம் வச்சு, உள்ள நுழைஞ்சதும் எங்கம்மா சொன்ன மொத வார்த்தையே "ஏதோ கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடா". ஒரே பெரிய ஹால்ல கண்ணாடிப் பெட்டியை அடுக்கி வைக்காம விவசாயம், பானை, நெசவு, கடல் வணிகம், வாழ்க்கை முறைன்னு தனித்தனியா பிரிச்சிருக்காங்க, நடுநடுவுல வீடியோவும் மாதிரி உருவங்களும் இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு போரடிக்காது.

நான் கொஞ்சம் தயங்கிட்டுதான் போனேன். இங்க ராஜாவோட சிலை கிடையாது, சிம்மாசனம் கிடையாது, ராஜா கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு உடைஞ்ச ஓட்டுத்துண்டு பிடிக்குமான்னு. ஆனா முதல் அரைமணி நேரத்துலயே அங்க கதை சொல்ற ஆள் நான் இல்ல, எங்கம்மான்னு ஆயிடுச்சு.

மொதல்ல தக்களி. சுடுமண்ல சின்னதா, நடுவுல ஓட்டையோட, குச்சி சொருகி நூல் நூக்குறதுக்கு. பாப்பா போர்டை எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு இருக்கா, எங்கம்மா அதுக்குள்ள "ஏத்தா, இது தக்களி, நாங்க மூணாப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துல இதுலதான் நூல் நூத்தோம், எங்களுக்கு குச்சி இரும்பு, அம்புட்டுதான் வித்தியாசம்"னு சொல்லி கண்ணாடிக்கு வெளிய நின்னே விரலால சுத்திக் காட்டினாங்க. எனக்கு நாப்பத்தி மூணு வயசாகுது, எங்கம்மா நூல் நூத்தாங்கன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். பக்கத்துல நின்ன வேற ரெண்டு பிள்ளைங்களும் வந்து கேக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்புறம் தாயக்கட்டை, வட்டச்சில்லு. பானை ஓட்டை உடைச்சு வட்டமா தேய்ச்சு வச்சிருக்காங்க, "இது பாண்டி ஆடுற சில்லுல்ல"ன்னு அம்மா சத்தமாவே சொல்லிட்டாங்க. உறைகிணறு பக்கத்துல போனப்பவும் அதே மாதிரிதான், சுடுமண் வளையத்தை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இறக்கியிருக்காங்க, எங்க ஊர்ல தாத்தா தோட்டத்துல சிமெண்ட் உறை இறக்கின கதையை அம்மா ஆரம்பிச்சிட்டாங்க, மண்ணு சரியாம இருக்க உறை, ஊத்து எந்தப் பக்கம் வரும்னு பார்த்து இறக்கணும்னு எல்லாம். பாப்பா நோட்டுல எழுதிக்கிட்டே வர்றா, ஒரு பக்கம் கீழடி, எதிர்ப்பக்கம் அப்பத்தான்னு கோடு போட்டு.

நாங்க ரொம்ப நேரம் நின்ன இடம்னா தமிழி எழுத்து, அதான் தமிழ் பிராமின்னு சொல்ற அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து, உள்ள பானை ஓடுகள்தான். ஆதன், குவிரன் ஆதன்னு பேரெல்லாம் கீறியிருக்கு. கையெழுத்து ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்குறதால பானை செஞ்சவரு எழுதினது இல்ல, வாங்கிப் பொழங்கினவங்களே எழுதிக்கிட்டதா இருக்கணும், அப்படின்னா சாதாரண ஜனங்களுக்கும் அன்னைக்கு எழுத்து தெரிஞ்சிருக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. பாப்பா கேட்டா, ஏம்ப்பா சட்டியில போய் பேர் எழுதுறாங்கன்னு. எனக்கு பதில் தெரியல. எங்கம்மா சொன்னாங்க, "நம்ம வீட்டு எவர்சில்வர் பாத்திரத்துல தாத்தா பேரு வெட்டியிருக்குல்ல தாயி, விசேஷ வீட்டுக்கு இரவல் குடுத்தா மாறிப்போகக் கூடாதுன்னு, அதுமாதிரிதான் இருக்கும்". பாப்பா அப்படியே நின்னுட்டா. நானுந்தான். எத்தனையோ தடவை பேப்பர்ல கீழடின்னு படிச்சிருக்கேன், அந்த ஒரு வார்த்தையிலதான் அந்த ஜனங்க எங்க பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி ஆனாங்க.

காலக்கணக்கு சொல்ற இடத்துல பிள்ளைகளோட கொஞ்சம் பைய நில்லுங்க. 353 செ.மீ. ஆழத்துல எடுத்த கரித்துண்டை அமெரிக்காவுல இருக்குற லேபுக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணதுல கி.மு. 580னு வந்துச்சு. சும்மா கி.மு.ன்னா பிள்ளைங்களுக்கு ஒண்ணும் தோணாது, 353 செ.மீ.ன்னா நம்ம வீட்டு சீலிங்கை விட உசரம், அம்புட்டு மண்ணு மேல மூடிக் கிடந்துச்சுன்னு சொன்னேன், மேல அண்ணாந்து பார்த்துட்டு "அதுக்கு மேல தென்னந்தோப்பு வேறயாப்பா"ன்னு கேட்டா. ஆமா, தென்னந்தோப்புதான், பள்ளிச்சந்தைத் திடல்னு பேரு. 1970-கள்ல அங்க கிணறு வெட்டும்போது கிடைச்ச பொருளைப் பார்த்துட்டு பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர்தான் இது சாதாரண இடமில்லைன்னு மொதல்ல சொன்னவரு. மத்திய தொல்லியல் துறை வைகை ஓரமா 293 இடங்களை பார்த்துக் குறிச்சு, 2014-15-ல இங்க தோண்ட ஆரம்பிச்சது அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு. இந்தக் கதை பாப்பாவுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு, இப்ப அவ வகுப்புல எல்லாரையும் வீட்டுத் தோட்டத்துல என்ன கிடைக்குதுன்னு கேட்டுட்டு திரியுறா.

கொந்தகை பத்தின பகுதியில முதுமக்கள் தாழி, அதான் செத்தவங்களை வச்சுப் புதைச்ச பெரிய பானை, எலும்பு எல்லாம் வரும். கொந்தகைதான் கீழடி ஜனங்களோட இடுகாடு. பயப்படுற பிள்ளைன்னா முன்னாடியே சொல்லி கூட்டிட்டுப் போங்க. பாப்பா பயப்படல, அங்க கிடைச்ச மண்டையோடு ரெண்டை வச்சு இங்கிலாந்துல லிவர்பூல் பல்கலைக்கழகம் ஒண்ணுல முகத்தை உருவாக்கியிருக்காங்கன்னு போன வருஷம் செய்தியில பார்த்தது ஞாபகம் வச்சிருந்தா, நம்ம தெருவுல இருக்குற தாத்தா மாதிரி இருக்காருன்னு சொன்னா.

மூணு மணி நேரமாச்சும் ஒதுக்குங்க. வாரத்துல ஒருநாள் லீவு உண்டு, நேரத்தையும் கிழமையையும் பார்த்துட்டு கிளம்புங்க. தோண்டின குழிகளும் பக்கந்தான், அங்க திறந்தவெளி அருங்காட்சியக வேலை எடுத்திருக்காங்க, போற அன்னைக்கு எது பார்க்கலாம்னு மியூசியத்துலயே கேட்டுக்கோங்க. மதியச் சாப்பாட்டுக்கு நாங்க புளியோதரை கட்டிட்டுப் போயிட்டோம், பெரியவங்க கூட இருந்தா அதுதான் தோது. சித்திரை வைகாசி வெயில்ல மலையை சேர்க்காதீங்க, கீழடி மட்டும் போதும். நோட்டும் பென்சிலும் பிள்ளை கையில குடுங்க, போன் வேண்டாம். முக்கியமா அப்பத்தாவோ அம்மாச்சியோ தாத்தாவோ நடக்கக்கூடிய நிலைமையில இருந்தா கூட்டிட்டுப் போங்க, அங்க உள்ளதுல பாதிப் பொருளை அவங்க கையால பொழங்கியிருப்பாங்க.

என்னைக் கேட்டா மதுரையைச் சுத்தி பிள்ளையோட பார்க்க முதல் இடம் இதுதான், மகால், காந்தி மியூசியம் எல்லாம் இதுக்கு அப்புறம் தனித்தனி நாள்ல வச்சுக்கலாம். அடுத்த மாசம் மகாலுக்கு போறோம், எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாதுன்னு இப்பவே சொல்லிட்டா.

வீட்டுக்கு வந்து மறுநாள் சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வரும்போது வாசல்ல சாக்பீஸ்ல பாண்டிக் கட்டம் போட்டிருந்துச்சு. கொல்லையில கிடந்த உடைஞ்ச மண்சட்டியில ஒரு துண்டை எடுத்து அம்மா திண்ணையில உக்காந்து கல்லுல தேய்ச்சு வட்டமாக்கிட்டு இருந்தாங்க. இன்னொரு துண்டை வச்சுக்கிட்டு பாப்பா ஆணியால கீறிட்டு இருந்தா, நோட்டைப் பார்த்துப் பார்த்து, தமிழி எழுத்துல, அப்பத்தா பேரை.