சாப் 900: பந்தய ஏரியில் ஒரு கைபிரேக் படுத்திய பாடு

போன வாரம் என் சாப் 900 காரின் முன்சக்கர பிரேக் காலிப்பர், அதாவது பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம், மறுபடியும் இறுகிப் போனது. பழுதுபார்த்த பில்லைப் பார்த்து நான் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நண்பன் கேட்டான்: "பழைய சாப் 900 ஒன்று விலைக்கு வருது. பனி ஏரியில் ஓட்டிப் பழக வாங்கலாமா?" அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என்னுடையது 1986 மாடல், டர்போ இல்லாதது. எஞ்சின் அளவு, மைலேஜ் எல்லாம் தேடினால் கிடைக்கும். எனக்குப் பேச வேண்டியது கைபிரேக்கைப் பற்றி.

பொதுவாகக் கார்களில் கைபிரேக் பின்சக்கரங்களைப் பிடிக்கும். இதில் முன்சக்கரங்களைப் பிடிக்கும். இதற்கு முந்தைய மாடலான சாப் 99இலிருந்து வந்த வழக்கம் இது. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் பெரும்பங்கு அங்கேதான், அதனால் சரிவில் நிறுத்தினால் வண்டி அசையாது. சரி, நிறுத்துவதற்கு நல்லது. பந்தயத்துக்கு?

சுவீடனில் எம்த்லாந்துப் பக்கம் ஏரிகள் நன்றாக உறைந்த பிறகு பனியை ஒதுக்கிப் பாதை போடுவார்கள். பனி ஒதுக்குவது வண்டி ஓடுவதற்காக மட்டும் இல்லை. மேலே பனி கிடந்தால் கம்பளி போர்த்தியது போல ஏரி குளிரை வாங்காது, ஒதுக்கிவிட்டால்தான் பனிக்கட்டி தடிக்கும். ஆனால் ஒதுக்கிய பனி கரை கரையாகக் குவிந்து தன் பாரத்தால் பனிக்கட்டியை அமுக்கும், விரிசல் வழியே தண்ணீர் மேலே வரும். அது இரவில் உறைந்தால் நேற்று மெத்தென்று இருந்த பனிச்சுவர் இன்று பாறை.

அந்தச் சுவரோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. கொண்டை ஊசி வளைவு வரும். வோல்வோ 240காரர்களுக்குப் பின்சக்கர இழுவை, ஒரு மிதி மிதித்தால் வால் தானாகச் சுற்றும். ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கார் வைத்திருப்பவர்கள் கைபிரேக்கைச் சுண்டி இழுத்துத் திரும்பிவிடுவார்கள். நான் இழுத்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகப் போய்ச் சுவரில் முட்டி நிற்கும். அப்புறம் மண்வெட்டி, இழுவைக் கயிறு, சிரித்தபடி உதவிக்கு வரும் நாலு பேர்.

கைபிரேக் கைவிட்டதால்தான் இடது காலுக்கு வேலை வந்தது. வலது கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்க, இடது காலால் பிரேக்கை லேசாக அழுத்த வேண்டும். எஞ்சின் தள்ளுவதால் முன்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், பிரேக் பின்சக்கரத்தை மட்டும் தடுத்தது போல ஆகி வால் மெல்ல வெளியே போகும். சாப் கம்பெனியின் ராலி ஓட்டுநர் எரிக் கார்ல்சன் இப்படித்தான் ஓட்டினார். அவருடைய டூ-ஸ்ட்ரோக் சாப் 96இல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் செத்துவிடும், எடுக்காமலே வளைய அவருக்கு வேறு வழி இல்லை. 1962, 1963 மான்டே கார்லோ ராலிகளை அவர் வென்றது அந்தக் காரில்தான். பின்னால் வந்த ஸ்டிக் புளோம்க்விஸ்ட் 1979இல் சுவீடன் ராலியை 99 டர்போவில் வென்றார். நான் அந்த வரிசையில் சேரவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முதல்முறையாக ஒரு வளைவு முழுக்க வண்டி பக்கவாட்டில் வழுக்கி, வெளியே வரும்போது மூக்கு நேராக நின்றதே, அந்த ஒரு நொடிக்கு இந்தக் காரின் எல்லாக் குற்றங்களையும் மன்னிக்கலாம்.

மன்னித்தேன், போன வாரம் வரைக்கும்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. ஹீட்டர் அபாரம். சாவித் துளை இரு இருக்கைகளுக்கு நடுவே, ரிவர்ஸ் கியர் போட்டால்தான் சாவி வெளியே வரும். தடித்த கையுறையோடு அதைச் செய்து பாருங்கள். கிளட்ச் எஞ்சினின் முன்பக்கம் இருப்பதால் கியர்பாக்ஸை இறக்காமலே மாற்றலாம், இதை யோசித்த ஆளைக் கும்பிடலாம். கைபிரேக்கை யோசித்த ஆளும் அவரேதானா என்று தெரிந்தால் தேவலை.

டயர் கட்டாயம் ஆணி வைத்ததாக இருக்கட்டும். ஆணி டயரோடு ஸ்டாக்ஹோமின் ஹோர்ன்ஸ்காதன் தெருவுக்குள் போகக்கூடாது, தூசி கிளம்புகிறது என்று 2010 முதல் தடை. கடுங்குளிரில் பனிக்கட்டி நன்றாகவே பிடி கொடுக்கும். பூஜ்ஜியத்தை நெருங்கினால்தான் மேலே தண்ணீர்ப் படலம் வந்து ஆட்டம் காட்டும்.

இன்னொன்று. எஸ்தோனியாவில் ஹியூமா தீவுக்கு உறைந்த கடல்மேல் போகும் பனிச்சாலையில் சீட் பெல்ட் போடக்கூடாது என்பது விதி, பனிக்கட்டி உடைந்தால் உடனே வெளியே வர வேண்டுமே. மணிக்கு 25க்கும் 40 கிலோமீட்டருக்கும் இடைப்பட்ட வேகத்திலும் போகக்கூடாது. வண்டி அமுக்குவதால் அடியில் எழும் அலை அந்த வேகத்தில் வண்டியோடு சேர்ந்து வலுத்து பனிக்கட்டியை உடைத்துவிடலாம். பந்தயத்தில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்காரும்போது இது தவறாமல் ஞாபகம் வரும்.

கடைசியில் நண்பனுக்குச் சொன்னது: வாங்காதே. கைபிரேக் பொறியும் முன் காலிப்பருக்குள்ளேயே இருப்பதால் அது அடிக்கடி இறுகும், சாப் கம்பெனியும் 2011இல் திவாலாகிவிட்டது. 1988 மாடலில் கைபிரேக்கைப் பின்சக்கரத்துக்கு மாற்றினார்கள், ஆனால் அது கிடைத்தால் இடது காலுக்கு நீ வேலை கொடுக்கவே மாட்டாய். பேசாமல் வோல்வோ 240 வாங்கு. அந்த 900ஐ விற்கிறவர் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு. 88க்கு முந்தைய வண்டி என்றால் இரண்டு காலிப்பர் தேறும்.