கறுப்பு லீவர் ரைஃபிள்கள்: ஹென்றி எக்ஸ், மார்லின் டார்க், ஸ்மித் 1854

வால்நட் கட்டையும் கருநீல எஃகும்தான் லீவர் ரைஃபிள் (டிரிகரைச் சுற்றியுள்ள பிடியை இழுத்து மூடித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) என்று பழகிய அமெரிக்கர்களுக்கு இந்தப் புது ரகம் கண்ணை உறுத்துகிறது. கறுப்பு சிந்தெடிக் கட்டை, டார்ச் போன்ற சாமான்களைப் பூட்டும் எம்-லாக் துளைகள், மரை வெட்டிய பேரல் முனை என்று வந்தால், கவ்பாய் துப்பாக்கிக்கு டாக்டிகல் வேஷமா என்று நக்கலடிப்பார்கள். இன்னொரு கூட்டம் இதற்காகவே காத்திருந்தது: மழையில் கட்டை ஊறாது, டார்ச்சை டேப் போட்டுக் கட்ட வேண்டாம், சைலன்சர் மாட்டலாம். ஏஆர்-15 போன்ற ரகங்களுக்குத் தடை போட்ட மாநிலங்களிலும், செமி-ஆட்டோ (டிரிகரை இழுக்க இழுக்கத் தானே அடுத்த தோட்டா ஏறுவது) இல்லை என்பதால் லீவர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. அழகுச் சண்டையை அதோடு விடலாம். .44 மேக்னம் தோட்டா ரகத்தில் மூன்றையும் எடைபோட்டு நான் எடுத்தது ஹென்றி பிக் பாய் எக்ஸ். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

மேலோட்டமான விஷயங்கள் சீக்கிரம் முடிந்துவிடும். ஹென்றியின் பேரல் 17.4 அங்குலம், பேரலுக்குக் கீழே ஓடும் மேகசின் டியூபில் 7 தோட்டா. ஸ்மித் & வெஸ்ஸன் 1854-க்கு 19.25 அங்குலம், 9 தோட்டா. மார்லின் 1894 டார்க்தான் குட்டை, 16 அங்குலத்தை ஒட்டி. மார்லினும் ஸ்மித்தும் மேலே ஸ்கோப் மாட்டும் பிகாட்டினி ரெயிலோடு வருகின்றன. ஹென்றிக்கு ரெயிலைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். சுத்தம் செய்வதில் ஹென்றியும் மார்லினும் ஒன்றுதான்: லீவர் திருகைக் கழற்றி, லீவரை உருவி, போல்ட்டைப் பின்னால் இழுத்தால் பேரலைச் சேம்பர் (சுடும்போது தோட்டா இருக்கும் பின்முனை) பக்கமிருந்தே துடைக்கலாம். போல்ட் வெளியே வரும்போது எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் துண்டு) நழுவி விழும், கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: தோட்டாவை இறக்குவது. ஏற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இறக்குவதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. தோட்டா ஏற்றிய ரைஃபிளை வண்டியில் வைக்கப் பல மாநிலங்களில் அனுமதி இல்லை. வேட்டைக்குப் போனால் ஒரே நாளில் பல தடவை டிரக்கில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் டியூபைக் காலி செய்தாக வேண்டும்.

மார்லினில் அதற்கு ஒரே வழி, தோட்டாக்களை ஒவ்வொன்றாகச் சேம்பர் வழியே ஓட்டி வெளியே தள்ளுவது. கிராஸ்போல்ட் சேஃப்டியை (பக்கவாட்டுப் பாதுகாப்பு பட்டன்) அழுத்திவிட்டு, எத்தனை தோட்டாவோ அத்தனை முறை லீவரை முழுதாக இழுத்து மூட வேண்டும். காலி செய்வதற்காக, உயிருள்ள தோட்டாவை வரிசையாகச் சேம்பருக்குள் அனுப்புகிறோம் என்பதுதான் முதல் உறுத்தல். அடுத்தது தேய்மானம். அதே தோட்டாக்கள் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் மெல்லிய ஈய முனை நசுங்கும். குண்டை இறுக்கிப் பிடிக்கும் கேஸ் விளிம்பு (கிரிம்ப்) தளர்ந்தால் குண்டு கேஸுக்குள் இறங்கும். வெளியே பாய்பவை சேற்றில் விழும், துடைக்காமல் மறுபடி ஏற்றினால் மண் நேரே கேரியருக்கு (தோட்டாவைச் சேம்பருக்குத் தூக்கிவிடும் பாகம்) போய்விடும்.

ஹென்றியில் பக்கவாட்டு கேட் வழியாக ஏற்றலாம், டியூப் வழியாக இறக்கலாம். டியூப் முனையில் இருக்கும் சொரசொரப்பான குமிழைத் திருகி, உள்ளிருக்கும் பித்தளை டியூபை, வெளி டியூபிலுள்ள வெட்டுவாய் தாண்டும்வரை இழுத்துவிட்டு, ரைஃபிளைக் கவிழ்த்தால் தோட்டாக்கள் உள்ளங்கையில் வந்து விழும். அதோடு முடிந்ததாக நினைக்கக் கூடாது. சேம்பரில் ஒன்று இருக்கலாம், கேரியரில் இன்னொன்று மாட்டியிருக்கலாம். லீவரை இரண்டு முறை முழுதாக ஓட்டி, சேம்பரை விரலால் தடவிப் பார்த்த பிறகே வண்டியில் வைக்க வேண்டும்.

இதற்கும் பராமரிப்பு உண்டு. பித்தளை டியூபைக் கீழே போட்டு நசுக்கிவிட்டால் உள்ளே தோட்டாக்களைத் தள்ளும் ஃபாலோயர் சிக்கும். டியூபுக்குள் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிப் பசையாகிவிடும். மூடும்போது டியூபின் பூட்டு ஊசி தன் வெட்டில் விழும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். பாதியில் விட்டால் சுடும் அதிர்ச்சியில் டியூப் முன்னால் நகரும், தோட்டா வரத்து நின்றுபோகும்.

சைலன்சர் மாட்டுபவர்களுக்கு இந்தச் சாதகம் கரைந்துபோகிறது. சைலன்சர் பேரலைவிடத் தடிமன், மேகசின் டியூபோ பேரலை ஒட்டியே கீழே ஓடுகிறது. உள் டியூபை இழுத்தால் சைலன்சரில் இடிக்கும். ஒவ்வொரு முறையும் அதைக் கழற்ற வேண்டும், அல்லது மார்லின்காரர் போல லீவரை ஆட்ட வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் சைலன்சருக்கான 200 டாலர் கூட்டாட்சி வரி பூஜ்ஜியமாகிவிட்டதால் (பதிவு நடைமுறை அப்படியே இருக்கிறது) இனி நிறையப் பேர் இதில் முட்டிக்கொள்வார்கள். எப்போதும் சைலன்சரோடுதான் சுடுவேன் என்றால் ஹென்றிக்கு நான் கொடுத்த மதிப்பெண்ணில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மரை விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஹென்றியில் 5/8x24 (விட்டம் அங்குலத்தில், பிறகு அங்குலத்துக்கு எத்தனை மரை), மார்லினிலும் ஸ்மித்திலும் 11/16x24. ஹென்றியின் மரை .30 காலிபர் ரைஃபிள்களில் சர்வசாதாரணமாக இருப்பது, அதனால் சாமான் சுலபமாகக் கிடைக்கும். ஆபத்தும் அங்கேதான். வீட்டிலுள்ள .30 காலிபர் சைலன்சர் இதில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் .44 குண்டின் விட்டம் .429 அங்குலம், அதன் துளை வழியே போகாது. முதல் சூட்டிலேயே சைலன்சர் பிளந்துவிடும். துளை .45 காலிபருக்கானதா என்று பார்த்துத்தான் மாட்ட வேண்டும்.

சேஃப்டியில் ரசனை பிரிகிறது. ஹென்றியில் பட்டனே கிடையாது, உள்ளே ஹேமர் அடியைக் கடத்தும் டிரான்ஸ்ஃபர் பார் மட்டும். டிரிகரை இழுக்காதவரை ஹேமர் அடி ஃபைரிங் பின்னுக்குப் போகாது. பழைய ஆட்களுக்கு இது பிடித்திருக்கிறது. ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டினால் கட்டைவிரலுக்கு ஹேமர் எட்டாது, பக்கவாட்டு நீட்சி ஒன்று வாங்கிப் பூட்டிவிடுங்கள்.

ஸ்மித் 1854-இலும் டியூப் கழன்றுவரும், தோட்டாவும் கூடுதல். காகிதத்தில் பார்த்தால் ஹென்றியை முந்துகிறது. ஆனால் சந்தைக்கு வந்தது 2024-இல்தான். லீவரின் பழுதுகள் ஆயிரக்கணக்கான சுற்றுக்குப் பிறகே தலைகாட்டும். பழைய மார்லின்களில் லீவர் விளிம்பு கேரியரை அரித்து, இரண்டாவது தோட்டா அடியில் நுழைந்து இறுகிவிடும் சிக்கலும் அப்படித்தான் தெரியவந்தது. 1854 பற்றிய என் தயக்கம் அவ்வளவே. இன்னும் நாலைந்து வருஷம் கழித்துக் கேட்டால் வேறு பதில் வரலாம்.

மறுவிற்பனையில் மார்லின் பெயருக்குத் தனி மவுசு, ஆனால் யார் செய்த மார்லின் என்பதைப் பொறுத்தது. ரெமிங்டன் கைக்குப் போனபின் தரம் சரிந்து, ‘ரெம்லின்’ என்று கேலிப்பெயரே வந்தது. 2020-இல் ரூகர் வாங்கி, வட கரோலினாவின் மேயோடனில் தயாரிக்கத் தொடங்கியபின் வேலைப்பாடு திரும்பிவிட்டது. டார்க் என்ற பெயரில் ரெமிங்டன் காலத்திலும் மார்லின்கள் வந்தன. பழையதாக வாங்குவதானால் சீரியல் எண்ணைப் பாருங்கள்: ஆர்எம் என்று தொடங்கினால் ரூகர் செய்தது. அப்படி இல்லையென்றால் லீவரை மெதுவாகவும் வேகமாகவும் பலமுறை ஓட்டி, கேரியரின் அடி விளிம்பில் தேய்மானப் பள்ளம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.