மாலரின் 9ஆம் சிம்பொனி: பெர்ன்ஸ்டைனா, காராயனா?

இசையமைப்பாளர் மாலரின் 9ஆம் சிம்பொனியை பெர்ன்ஸ்டைன், காராயன் என்ற இரு நடத்துனர்கள் நடத்திய இந்த இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கத் தனிக் காரணம் உண்டு. இரண்டிலும் வாசிப்பது பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழு. இரண்டுமே கச்சேரியில் நேரடியாகப் பதிவானவை. இடைவெளி மூன்றே ஆண்டுகள். ஆனால் கேட்டால் வேறு வேறு குழுக்களோ என்று தோன்றும்!

லெனார்ட் பெர்ன்ஸ்டைன் இந்தக் குழுவை நடத்தியது 1979இல் அந்தக் கச்சேரிகளில் மட்டும்தான். பழக்கமின்மை நன்றாகவே தெரிகிறது. சேர்ந்து தொடங்க வேண்டிய இடங்கள் பிசிறடிக்கின்றன. இறுதிப் பகுதியின் உச்சத்தில் டிராம்போன்கள் (பித்தளை ஊதுகுழல்கள்) நுழையவே இல்லை. மொத்தக் குழுவும் பொங்கியெழும் நேரத்தில் அடித்தளமே காணோம். ஆனாலும் வயலின்கள் உயிரைக் கொடுத்து வாசிக்கின்றன. அவர் மேடையில் காலை உதைப்பதுகூடக் காதில் விழுகிறது. மூன்றாம் பகுதியின் முடிவில் அப்படியொரு வெறி!

ஹெர்பர்ட் வான் காராயனின் 1982 பதிவில் அந்தப் பிசிறுகள் இல்லை. டிஜிட்டல் பதிவு, ஒலி தெளிவு. இசைக்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் தந்தி வாத்தியங்கள் இழை இழையாகத் தேய்ந்து மறைவதை வேறெங்கும் நான் இவ்வளவு அழகாகக் கேட்டதில்லை. இரண்டாம் பகுதியின் கிராமிய நடனத்துக்கு மாலர் கேட்ட முரட்டுத்தனம்தான் கொஞ்சம் குறைவு.

முதன்முறை கேட்பவர்களுக்குக் காராயனைத்தான் சொல்வேன். இசை நன்கு பழகியபின் பெர்ன்ஸ்டைனை அவசியம் கேளுங்கள், டிராம்போன்கள் இல்லாவிட்டாலும்.