இழுப்பறையா, அஞ்சறைப் பெட்டியா, ஷூ பெட்டியா?

ஓர் அம்பாசிடருக்கு நான்கு ரிம் தேடியதில் எனக்கு மூன்று மாலைகள் போயின. நிஜ அம்பாசிடர் இல்லை. 1/24 அளவில், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி ஒட்டி நானே கட்டிக்கொண்டிருக்கும் வண்டி. அம்பாசிடரின் ரிம் 15 அங்குலம். 24ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். அந்த அளவில் நான்கு ரிம் என்னிடம் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். எப்போதோ கட்டிய ஒரு கிட்டில், அதாவது பாகங்களாக வந்து நாமே ஒட்டிக் கட்டும் மாடல் பெட்டியில், மிஞ்சியவை அவை. காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் 24 இழுப்பறைகள் கொண்ட பெட்டி ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இழுப்பறையிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன். 'ரிம்' என்ற இழுப்பறையும் உண்டு. அதில் ரிம் மட்டும் இல்லை.

அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். என் ரிம்கள் மூன்றாம் நாள்தான் அகப்பட்டன. இருந்த இடம், ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்த இனிப்புப் பெட்டி.

அதன் பிறகுதான் உதிரிப் பாகங்கள் எல்லாவற்றையும் தரையில் கொட்டி, எந்தப் பெட்டி எதற்கு லாயக்கு என்று உட்கார்ந்து பார்த்தேன்.

மாடல் கார் கட்டுகிறவர்களிடம் உதிரி குவிவதற்குக் காரணம் கிட்களின் அமைப்பே. ஏஎம்டி என்ற நிறுவனத்தின் 1/25 அமெரிக்க கார் கிட்கள் பலவற்றில் ஒரே வண்டியை மூன்று விதமாகக் கட்டலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தபடி, அலங்காரம் செய்தபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி. ஒன்றைக் கட்டினால் மற்ற இரண்டின் சக்கரங்களும் கார்புரேட்டர்களும் பம்பர்களும் மிச்சம். ஜப்பானிய நிறுவனமான தமியாவின் 1/24 கிட்களில் இவ்வளவு மிஞ்சாது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து ஒரு டேஷ்போர்டு மிஞ்சலாம், சில சின்ன மென்பிளாஸ்டிக் வளையங்கள் மிஞ்சலாம். ஆகவே, ஜப்பானிய கிட்களை மட்டும் கட்டுகிறவருக்கு ஒரு பிஸ்கட் டின் போதும். அவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை.

இழுப்பறைப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் நான் அதிகம் செலவழித்தேன். எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடைகளில் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் போட்டுவைக்கும் அதே வகை. பார்க்க அழகு, மேசையில் குறைந்த இடம், ஒரு கையால் இழுத்தால் பொருள் வெளியே வரும். ரெசிஸ்டருக்கு அது பொருத்தமான வீடு, ஏனென்றால் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பு ஒன்றுதான். அதைப் பற்றிச் சந்தேகம் இல்லை. மாடல் காரின் உதிரிக்கு அப்படி ஒற்றைப் பெயர் கிடையாது. இரண்டு கார்புரேட்டர்களோடு ஒன்றாக வார்க்கப்பட்ட குழாய்த் தொகுதியை 'இன்ஜின்' இழுப்பறையில் போடுவதா, 'கார்புரேட்டர்' இழுப்பறையில் போடுவதா? முன் பம்பரோடு சேர்ந்தே வரும் கிரில்லை? போடும்போது ஒரு மனநிலை, தேடும்போது வேறொரு மனநிலை. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, 2019இல் வேலூர் மூன்றானது. இன்றும் எங்கள் உறவினர் பாதிப் பேர் விலாசத்தில் எந்த மாவட்டம் எழுதுவதென்று ஒரு கணம் யோசிக்கிறார்கள். 24 இழுப்பறைகளுக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றேன்.

அந்தப் பெட்டியின் பெரிய குற்றம் வேறு. ஒரு கோடை முழுவதும் மாடி அறையைத் திறக்காமல் விட்டிருந்தேன். கத்திரி வெயில் முடிந்து, டயர் இழுப்பறையை இழுத்தால் டயர்கள் வரவில்லை; தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. பிய்த்து எடுத்தபோது இழுப்பறையின் தரையில் டயரின் பட்டன்கள் அச்சு அசலாகப் பதிந்திருந்தன. பக்கத்தில் தவறுதலாகக் கிடந்த இரண்டு முன்விளக்குக் கண்ணாடிகள் பாகு போலக் குழைந்துவிட்டன.

இதை வெயிலின் வேலை என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூட ஜியாமெட்ரி பாக்ஸில் வெள்ளை அழிப்பான் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டி, ஸ்கேலைத் தின்று ஒரு பள்ளம் பண்ணியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இது. பல கிட்களின் டயர் மென்மையான வினைலால் ஆனது. அது வளைந்து கொடுப்பதற்காக ஓர் எண்ணெய் போன்ற பொருளை அதில் கலக்கிறார்கள். அந்தப் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனுக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். மாடல் காரின் உடல், ரிம், கண்ணாடி எல்லாமே பெரும்பாலும் பாலிஸ்டைரீன். கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் மலிவான இழுப்பறைகள் பலவும் அதுவே. வெயில் இந்தக் கசிவை வேகப்படுத்துகிறது, அவ்வளவே. குளிர் நாட்டில் பல ஆண்டுகள் எடுக்கும் வேலை எங்கள் ஊர் மொட்டை மாடியில் ஒரே கோடையில் முடிந்துவிடுகிறது.

எனவே எந்தப் பெட்டியை வாங்கினாலும் முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிப்ரொப்பிலீன். 2, 4 என்றால் பாலிஎத்திலீன். இவை டயரோடு சண்டை போடாது. 6 என்றால் பாலிஸ்டைரீன், டயருக்கு ஆகாது. 3 என்றால் பிவிசி. அதில் மென்மையான, வாசனையடிக்கும் கவர்கள் டயரைப் போலவே கசியக்கூடியவை, ஆகவே மற்ற பாகங்களுக்கும் ஆகாது. டயரைக் கழற்றித் தனி பாலிதீன் கவரில் போட்டுவைப்பதுதான் எளிது. ரிம்மில் மாட்டியே வைத்தால் ரிம்மும் போகும்.

மணி, பாசி விற்கிற கடைகளில் கிடைக்கும் கட்டம்போட்ட தட்டைப் பெட்டியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் தடுப்புச் சுவர்கள் மூடியைத் தொடாது. பெட்டியை ஒருமுறை சாய்த்து எடுத்துவந்தால், பக்கக் கண்ணாடியும் கதவுக் கைப்பிடியும் மூன்று கட்டம் தள்ளிக் குடியேறியிருக்கும். மூடியின் உட்புறம் ஒரு ஈவிஏ நுரைத் தகட்டை வெட்டி ஒட்டினால் ஓரளவு நிற்கும். செருப்புத் தைக்கிறவர்களிடம் துண்டு கேட்டால் கிடைக்கும். மஞ்சள் ஸ்பாஞ்சை மட்டும் போடாதீர்கள். சில ஆண்டுகளில் அது பொடிந்து, பிசுபிசுத்து, பாகத்தின் மேல் அப்பிக்கொள்ளும்.

இனி அஞ்சறைப் பெட்டி. இதை நான் தேர்ந்தெடுக்கவில்லை. பழைய எவர்சில்வர் பெட்டி ஒன்றைப் பழைய பாத்திரத்துக்குப் போட என் மனைவி எடுத்து வைத்திருந்தாள், நான் மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். பெயரில் அஞ்சு இருந்தாலும் கிண்ணம் ஏழு. அந்த ஏழு என்ற வரம்புதான் அதன் பலம் என்று இப்போது சொல்வேன். கையில் இருக்கும் ஒரே வண்டியின் பாகங்களை மட்டும் அதில் போடுகிறேன்: வண்ணம் காய்கிறவை, ஒட்டத் தயாரானவை, இன்னும் தேய்க்க வேண்டியவை, திருகுகள், கண்ணாடிகள். எட்டாவது வகைக்கு இடமில்லாததால் எட்டாவது வேலையைத் தொடங்குவதும் இல்லை.

இன்னொரு வசதி, பிளாஸ்டிக் பெட்டியில் இல்லாதது. பாலிஸ்டைரீன் உராய்ந்தால் மின்னேற்றம் அடையும். கதவுப் பூட்டு அளவுள்ள துண்டுகள் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு இடுக்கிக்குப் பிடிகொடுக்காது. எவர்சில்வரில் அந்தத் தொல்லை குறைவு. கிண்ணத்தின் அடி வளைந்திருப்பதால் விரல் நுனியால் உருட்டியே மேலே கொண்டுவந்துவிடலாம். கடுகு எடுப்பது போல. நிரந்தரச் சேமிப்புக்கு இது உதவாது. கிண்ணங்களுக்குத் தனி மூடி கிடையாது, கைதவறினால் கதை முடிந்தது, உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது.

சேமிப்புக்கு நான் கடைசியில் வந்து நின்ற இடம் ஷூ பெட்டி. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்று தோலும் காலணியும் பிழைப்பாக இருக்கும் பகுதி இது. உறவினர் யாராவது ஒருவர் காலணித் தொழிற்சாலையில் இருப்பார், நல்ல கெட்டி அட்டைப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. அதன் நீளம்தான் எனக்கு முக்கியம். குரோம் பாகங்களை, அவை ஒன்றாக இணைந்து வரும் ரன்னர் சட்டத்திலிருந்து வெட்டாமல் வைக்க வேண்டும். அந்தப் பளபளப்பு மிக மெல்லிய உலோகப் பூச்சு, ஒன்றோடொன்று உரசினால் போய்விடும். சட்டத்தை முழுசாக ஏற்கும் பெட்டி இழுப்பறையிலும் கிடையாது, அஞ்சறையிலும் கிடையாது. ஷூவோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களையும் எறியாமல் உள்ளேயே விடுகிறேன், ஐப்பசி மழைக்கு. அட்டைக்கு எதிரிகள் கரையானும் வெள்ளிப்பூச்சியும். தரையில் வைக்கவே கூடாது, சுவரில் சாய்க்கவும் கூடாது. இரும்பு ராக்கில், கைக்கு எட்டும் உயரத்தில்.

பெட்டிக்குள் அப்படியே கொட்டுவதில்லை. ஜிப் கவர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. இங்கேதான் பழைய வழக்கு: வண்டிவாரியாகப் பிரிப்பதா, பாகவாரியாகப் பிரிப்பதா? இழுப்பறை என்னைப் பாகவாரிக்குத் தள்ளியது. ஷூ பெட்டி வண்டிவாரிக்கு இழுக்கிறது. நான் இப்போது சக்கரம், டயர், திருகு மூன்றை மட்டும் பாகவாரியாகவும், மற்ற எல்லாவற்றையும் வந்த கிட்டின் பெயரிலும் வைக்கிறேன். சக்கரத்தைத் தேடும்போது அளவுதான் மனதில் இருக்கும். பம்பரைத் தேடும்போது 'அந்தப் பச்சை வண்டியில் ஒன்று மிஞ்சியதே' என்றுதான் நினைவு வரும். கவரைக் கவராகப் புரட்டும்போது, தேடாத ஏதோ ஒன்று கையில் பட்டு வேலையின் போக்கையே மாற்றுவதும் உண்டு. என் அம்பாசிடரின் உட்புறக் கண்ணாடி அப்படி வந்ததுதான். பெயர் ஒட்டிய இழுப்பறை அந்தத் தற்செயலைத் தராது.

சீட்டில் அளவு விகிதத்தை எழுத மறக்காதீர்கள். மக்கன் பேடா பெட்டியில் கிடைத்த என் நான்கு ரிம்களை வெர்னியரில் அளந்தேன்: 15.2 மில்லிமீட்டர். 15 அங்குல ரிம்தான், ஆனால் 1/25 கிட்டின் ரிம். 1/24 டயரை மாட்டினால் கழன்று சுற்றுகிறது. மூன்று மாலையும் வீண்.

கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் பெட்டியைவிடப் பொட்டலம் நல்லது. நகைப் பட்டறைகளில் கற்களை மடித்து வைப்பார்களே, அதே மடிப்பு, பட்டர் பேப்பரில். கீறல் விழாது. வண்டியில் எண், சின்னம் ஒட்டுவதற்கான டெக்கால் தாள்களைத் தட்டையாக, கவரில் போட்டு, கீழ்த்தளத்து பீரோவில் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன். மாடி அறைக்குக் கொண்டுபோவதே இல்லை. பழையவை மஞ்சளித்துப் போனால் ஜன்னல் கண்ணாடியில் உட்புறமாக ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் மஞ்சள் வெளுக்கும். அந்த ஒரு காரியத்துக்கு வேலூர் வெயிலைக் குறை சொல்ல முடியாது.

இழுப்பறைப் பெட்டி இப்போது கீழே என் மனைவியின் தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹூக்கு, பட்டன், பாபின், ஊசி. நான் எழுதிய சீட்டுகளை அவள் பிய்க்கவில்லை. 'ரிம்' என்ற இழுப்பறையில் ஜாக்கெட் ஹூக்குகள் இருக்கின்றன, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறாள்.