ஏழு எண்ணத் தெரியாத பெட்டி

பாட்டுப் பதிய நான் வைத்திருக்கும் ரெக்கார்டரின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பன் கேட்டான். தனித்தனியாகப் பதிந்து சேர்த்துக் கேட்க எட்டு டிராக், ஒரே நேரத்தில் இரண்டு இன்புட், எஸ்டி கார்டு என்கிற விவரமெல்லாம் அவனுக்கே அத்துப்படி. அதனால் நேராக என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இந்த ரெக்கார்டரில் இருக்கும் மெட்ரோனோமுக்கு, அதாவது தாளம் தட்டிக் காட்டும் வசதிக்கு, மிஸ்ர சாபு என்கிற ஏழு தட்டுத் தாளம் வராது.

நான் போடும் மெட்டுகளில் பாதி மிஸ்ர சாபில்தான் வந்து உட்காரும். தகிட தகதிமி, மூன்றும் நாலும் ஏழு. மெனுவில் இருப்பதோ 2/4, 3/4, 4/4, 6/8. 4/4 வைத்தால் நாலு தட்டுக்கு ஒருமுறை ‘டிங்’ என்று ஓர் அழுத்தம். அதை நிறுத்த வழியில்லை. நாலும் ஏழும் ஒன்றுசேர 28 தட்டு ஆகும். அதுவரை ஹெட்போனில் டிங் ஓரிடத்தில், என் சமம், அதாவது தாளம் தொடங்கும் தட்டு, வேறிடத்தில். பாடவா, எண்ணவா?

சரி என்று போனில் தாளத்தை ஓடவிட்டு, ஒயர் போட்டு முதல் டிராக்கில் ஏற்றிக்கொள்கிறேன். தம்புராவுக்கு இன்னொரு டிராக். காசு கொடுத்தது எட்டுக்கு, கையில் மிச்சம் ஆறு. கடைசியில் தாளத்தை அழித்துவிட்டு அங்கே கோரஸ் பாடலாமே என்பார்கள். தாளம் இல்லாமல் தடுமாறுவதே கோரஸ்தான் ஐயா!

1979இல் டாஸ்காம் கம்பெனி கொண்டுவந்த போர்ட்டாஸ்டுடியோ ரெக்கார்டரில், கேசட்டில், நாலே டிராக்தானே என்று நண்பன் வாதாடுவான். உண்மைதான். ஆனால் அதில் மெட்ரோனோம் இருப்பதாக யாரும் அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இதற்குள் ஃபேன் கிடையாது. லேப்டாப்பில் பதிந்த காலத்தில் மெல்லப் பாடும் இடங்களிலெல்லாம் பின்னால் ‘உஸ்’ என்று ஒரு கூடப்பாடகர் இருப்பார். இதில் அறை ஃபேனை நிறுத்தினால் போதும், நிசப்தம். என் குரல் எனக்கே அரை நொடி தாமதமாகக் கேட்கிற கொடுமையும் போயிற்று. பஞ்ச்-இன் அற்புதம். சரணத்தில் ஒரே ஒரு சொல் ஸ்ருதி இறங்கியிருந்தால், பெடலை மிதித்து அந்தச் சொல்லை மட்டும் பாடி, காலை எடுத்துவிடலாம். ஒட்டுப்போட்ட இடம் எனக்கே தெரியாது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்தால் மட்டும் பேட்டரி மளமளவென்று தீரும்.

போன மாதம் அடாப்டர் செருகும் இடம் ஆட்டம் கண்டது. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒருவர், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் புது சாக்கெட் வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். மைக் ஒயர் விலைகூட ஆகவில்லை. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, தேய்கிற பொருள் தேயும். ஏழு என்பது வெறும் எண். சாஃப்ட்வேர் அப்டேட்டில் கொடுத்திருக்கலாம். அப்டேட்டும் வந்தது, ஏழு வரவில்லை.

நண்பன் எழுதுவதெல்லாம் ஆதி தாளம், எட்டுத் தட்டு, 4/4இல் அடங்கிவிடும். அவனுக்கு இந்தத் தொல்லை வரப்போவதே இல்லை. ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்லியிருக்கிறேன். நான் முழு விலை கொடுத்து வாங்கியவன், அந்தக் கடுப்பும் அதில் கொஞ்சம் உண்டு.