எல்கேஜி வகுப்பில் ஒரு போன், முப்பது பிள்ளைகள்: எந்த ஆப் தேறும்?

மழலையர் வகுப்புக்கு ஆப் தேடும்போது படத்தையும் பாட்டையும் பார்த்து மயங்குவது வழக்கம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: கருவி யார் கையில் இருக்கப்போகிறது? டீச்சர் கையிலா, பிள்ளை கையிலா, வீட்டில் அம்மா கையிலா? பல பள்ளிகளில் வகுப்புக்கென்று இருப்பது டீச்சரின் சொந்த போனும், முறைவைத்துக் கிடைக்கும் ஒரு புரொஜெக்டரும்தான். அந்த வகுப்பை மனதில் வைத்தே இந்த அலசல்.

கஹூட்டா, பிளிக்கர்ஸா?

கஹூட் ஒரு வினாடி வினா ஆப். கேள்வி பெரிய திரையில் வரும். சிவப்பு முக்கோணம், நீல டைமண்ட், மஞ்சள் வட்டம், பச்சைச் சதுரம் என்ற நான்கில் ஒன்றைப் பிள்ளைகள் தங்கள் கருவியில் அமுக்க வேண்டும். நிறமும் வடிவமும் எல்கேஜி பாடம்தானே, பொருந்துமே என்று தோன்றும். இடிப்பது கடிகாரம். சீக்கிரம் அமுக்கினால் கூடுதல் புள்ளி என்பதால், கேள்வி முடியும் முன்பே விரல் திரையில் விழுந்துவிடும். கடைசியில் வெற்றி மேடையில் மூன்று பெயர் வரும். மிச்சமுள்ளவர்களில் நாலு பேராவது அழுவார்கள். புள்ளியை நிறுத்தலாம், நேரத்தைக் கூட்டலாம், குழுவுக்கு ஒரு டேப்லெட் கொடுக்கலாம். இத்தனையும் செய்தபின் அது கஹூட்டாகவே இருக்காது.

பிளிக்கர்ஸும் வினாடி வினா ஆப்தான், ஆனால் அதற்கு டீச்சரின் ஒரு போன் போதும். பிள்ளை கையில் இருப்பது வெறும் அட்டை. கறுப்பு வெள்ளைக் கட்டங்களாலான ஒரு குறி. அதன் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி என்று சின்ன எழுத்து. எந்த எழுத்து மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுதான் விடை. போன் கேமராவை வகுப்பின் மேல் மெதுவாக ஓட்டினால் யார் என்ன சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொருவர் குறியும் வேறு வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது.

மழலையர்களுக்கு இதை அப்படியே கொடுத்தால் ஓடாது. அந்த எழுத்து அவர்களுக்குப் பொடி. அட்டையின் பின்பக்கம், ஒவ்வொரு எழுத்தும் இருக்கும் அதே ஓரத்தில் ஒரு நிறப் பொட்டு ஒட்டுங்கள்: ஏ ஓரத்துக்குச் சிவப்பு, பி ஓரத்துக்குப் பச்சை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அட்டையைத் திருப்பிப் பார்த்து ஒட்டினால் இடம் வலம் குழம்பாது. முதல் இரண்டு வாரம் இரண்டு விடைக் கேள்விகள் மட்டும்: “யானை பெரிசா? ஆமான்னா சிவப்பு மேலே, இல்லைன்னா பச்சை மேலே.” நான்கு நிறத்துக்கும் போவது அதன் பிறகு.

போன் ஒரு அட்டையைப் படிக்கவில்லையென்றால் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. விரல் குறியின் மேல் இருக்கும். பளபளப்பு லேமினேஷனில் டியூப்லைட் அடிக்கும். மேட் லேமினேஷன் போடுங்கள், இல்லையேல் கெட்டிச் சார்ட்டில் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். அல்லது பிள்ளைகளுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கும். வெளிச்சம் கேமராவைப் பார்த்து வந்தால் அட்டை கறுத்துப்போகும், இடத்தை மாற்றி உட்காரவைக்க வேண்டும். அட்டை எண்ணும் வருகைப் பதிவேட்டு எண்ணும் ஒன்றாக இருக்கட்டும், பின்னால் பெயரை எழுதிவிடுங்கள். தினமும் விநியோகிக்கும் தலைவலி பாதி குறையும்.

இன்னொரு லாபமும் உண்டு. 3, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 1 மணி நேரத் திரை என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பிளிக்கர்ஸில் கேள்வியை வாயால் கேட்டால் அந்தக் கணக்கில் ஒரு நிமிடம்கூடச் சேராது.

கதை நேரத்துக்கு

ஸ்டோரிவீவர், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய தளம். தமிழ்க் கதைகள் நிறைய. வாசிப்பு நிலைகளில் மிக எளிதான நிலை 1 என்று இருப்பவையே நமக்கு. பிடிஎஃப்பாக இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் பள்ளியில் நெட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. திறந்த உரிமம் என்பதால் அச்செடுத்துத் தைத்துக் குட்டிப் புத்தகமாகவும் ஆக்கலாம். ஒன்றே ஒன்று: நிலை 1 என்றாலும் சில மொழிபெயர்ப்புகளில் நடை கரடுமுரடாக இருக்கும். முதல் நாளே வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். நாக்கு இடறினால் வேறு கதை.

கூகுளின் ரீட் அலாங் 2019இல் இந்தியாவில் ‘போலோ’ என்ற பெயரில் வந்தது. பிள்ளை வாய்விட்டுப் படிக்க, தியா என்ற பாத்திரம் கேட்டுத் திருத்தும், தமிழும் உண்டு. நல்ல கருவி, ஆனால் வகுப்பறைக்கு உரியதல்ல. முப்பது பேர் சத்தத்தில் மைக்குக்கு எந்தக் குரல் யாருடையது என்று தெரியாது. சரியாகப் படித்த பிள்ளையையே திரும்பப் படிக்கச் சொல்லும். எழுத்துக் கூட்டத் தெரியாத எல்கேஜிக்குப் பயனும் இல்லை. யுகேஜி இரண்டாம் பருவத்தில், வீட்டில் பத்து நிமிடம் என்று சொல்லி அனுப்பலாம்.

சின்னப் பிள்ளைகளுக்கான கற்றல் ஆப்பான கான் அகாடமி கிட்ஸ் இலவசம், விளம்பரம் இல்லை. பேச்சு பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலம். ஆங்கில வழி வகுப்பு, கையில் டேப்லெட்கள் என்றால் பார்க்கலாம்.

ஸ்கிராட்ச் ஜூனியர்

எழுத்தே இல்லாத, படக் கட்டைகளால் ஆன கோடிங் ஆப்; 5 முதல் 7 வயதுக்கென்று செய்தது. யுகேஜிக்கு மட்டும். மூன்று பேருக்கு ஒரு டேப்லெட், 15 நிமிடம். கட்டையை இழுப்பதற்குப் பதில் தட்டிக்கொண்டே இருப்பார்கள். முதல் வகுப்பு முழுதும் இழுத்து விடும் பயிற்சிக்கே போகும். திரையில் ஓடும் பூனை வலப்பக்கம் போய் இடப்பக்கம் முளைப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அதை நிறுத்தாதீர்கள்.

பெற்றோருக்குக் காட்ட

வாட்ஸ்அப் குழு எல்லோருக்கும் பழகியது. ஒரு பிள்ளையின் படத்தைப் போட்டால் முப்பது வீட்டு கேலரியில் அது உட்கார்ந்துவிடும் என்பதுதான் கோளாறு. அறிவிப்புக்கு மட்டும் வைத்து, அட்மின் மட்டுமே அனுப்பலாம் என்று அமைத்துவிடுங்கள். பிராட்காஸ்ட் போடுகிறவர்கள் கவனிக்க: உங்கள் எண்ணைச் சேமிக்காத பெற்றோருக்குச் செய்தி போகவே போகாது.

பிள்ளைகளின் வேலையை வீட்டுக்குக் காட்டும் சீசா என்ற ஆப்பில் பிள்ளை தன் ஓவியத்தைப் படமெடுத்து, “இது எங்க ஆட்டுக்குட்டி” என்று குரலும் பதியலாம். டீச்சர் சரி என்ற பிறகே வீட்டுக்குப் போகும். அவரவர் பிள்ளையுடையது மட்டும்தான் தெரியும். கிளாஸ்டோஜோ என்ற ஆப்பிலும் இப்படிப் பகிரலாம், ஆனால் அதன் முகம் புள்ளி முறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் உள்ள குட்டி அரக்கர் படத்தோடு எண் ஏறி இறங்குவதைப் போர்டில் காட்டினால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது அவமானம். கழிக்கும் புள்ளிகளை அமைப்பில் நீக்கி, திரையில் காட்டாமல் வைத்தால் பிழைக்கும். இந்த மூன்றில் சீசாவே மேல். என்ன, ஒவ்வொரு பெற்றோரும் ஒரு ஆப் இறக்கியாக வேண்டும். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே கியூஆர் கோடை அச்செடுத்துக் கொடுத்து அங்கேயே ஸ்கேன் செய்யவைத்தால் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பிவைத்தால் பாதிப் பேர் சேர மாட்டார்கள்.

அதே கூட்டத்தில் படம், குரல் பதிவுக்கு எழுத்தில் ஒப்புதலும் வாங்கிவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர் எல்லோரும் குழந்தைகள்தான். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை அது கேட்கிறது. ஒப்புதல் தராத வீடு ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளைகளின் ஓவியத்தைத் தாளாகவே பையில் வைத்து அனுப்புங்கள்.